வீட்டுத் தொழிலுக்கு எந்தப் போன்? எண்ணிலிருந்து தொடங்குங்கள்

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் வற்றல் காயப்போட்டு, சமையலறையில் பொடி அரைத்து விற்கத் தொடங்கியபோது எல்லாவற்றையும் நாலு கடை ஏறி விசாரித்துத்தான் வாங்கினேன். பாட்டில் மூடிக்குக்கூட மூன்று பேரிடம் விலை கேட்டேன். போனைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. வீட்டில்தான் ஏற்கெனவே போன் இருக்கிறதே! என் கணவரின் எண்ணை 500 ஸ்டிக்கர்களில் அச்சடித்து ஒட்டினோம். பத்து மாதம் கழித்து அவர் வேறு வேலைக்கு மாறினார். அந்த சிம் அவர் பெயரில் இல்லை, பழைய அலுவலகத்தின் பெயரில் இருந்தது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. சிம்மைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எங்கள் பருப்புப் பொடி தீர்ந்துபோய் மறுபடியும் கேட்டு அழைத்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர், அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர். பாவம், அவரும் எத்தனை முறைதான் ‘ராங் நம்பர்’ என்று சொல்வார்.

ஆகவே, போன் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள். கருவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எண்ணை மாற்றினால் பழைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்.

முதல் வேலை: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

கையில் இருக்கும் போனிலேயே ஒரு வாரம் தொழில் நடக்கட்டும். போன் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி: எத்தனை மணிக்கு வந்தது, யார் எடுத்தார்கள், ஆர்டரா, விசாரிப்பா, ‘பார்சல் எங்கே’ என்ற கேள்வியா, எடுக்காமல் விட்டதா. வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளையும் மாலையில் எண்ணி எழுதிவிடுங்கள்.

நான் இதைச் செய்தபோது எனக்குத் தெரியவந்த விஷயம் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அழைப்புகள் பெரும்பாலும் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வந்தன. அதே நேரத்தில்தான் எங்கள் வீட்டில் அரவை இயந்திரம் ஓடும். மணி அடிப்பதே கேட்காது. எனக்கு வேண்டியிருந்தது பெரிய போன் ஏற்பாடு ஒன்றும் இல்லை. அரவையை மதியத்துக்குத் தள்ளி வைத்தேன், பாதிப் பிரச்சினை காசு செலவில்லாமல் தீர்ந்தது. உங்கள் நோட்டு உங்களுக்கு வேறு ஏதாவது சொல்லும். தையல் வேலை எடுப்பவருக்கு மாலையில் கூட்டம், டியூஷன் எடுப்பவருக்கு மே, ஜூன் மாதங்களில் கூட்டம். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு, அவற்றில் ஒரே நேரத்தில் வருவது எத்தனை என்ற இரண்டு கணக்கும் கையில் இல்லாமல் யாரிடமும் எந்தத் திட்டமும் வாங்காதீர்கள். விற்பவர் முதலில் கேட்பது உங்கள் தேவையை அல்ல, உங்கள் பட்ஜெட்டை.

எண் யார் பெயரில்?

தொழிலுக்கென்று தனியாக ஓர் எண் வாங்குங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். சொந்த எண்ணிலேயே தொழிலும் நடந்தால், இரவு பதினொன்றரைக்கு ‘மாவடு இருக்கிறதா’ என்று கேட்பவரையும், ஊரிலிருந்து அவசரமாக அழைக்கும் அம்மாவையும் மணியை வைத்துப் பிரித்தறிய முடியாது. வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த எண்ணை ஊறுகாய் பாட்டிலில் அச்சடித்து ஊரெல்லாம் விநியோகிப்பதும் நல்ல பழக்கம் அல்ல. ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவர்களுக்கு நாமே முகவரி எழுதிக் கொடுப்பது போல் ஆகிவிடும்.

அந்த எண் தொழில் நடத்துகிறவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் பெயரில், தம்பி பெயரில், பழக்கமான ரீசார்ஜ் கடைக்காரர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா’ என்று எடுத்துக் கொடுத்த யாரோ ஒருவர் பெயரில் இருந்தால், சிம் தொலையும் நாளில் அழ வேண்டியிருக்கும். மாற்று சிம் வாங்க அந்தப் பெயருக்குரியவர்தான் அடையாளச் சான்றோடு வர வேண்டும். அலுவலகம் கொடுத்த எண் வேண்டவே வேண்டாம். அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் அலுவலகத்தின் ஒப்புதல் கடிதம் தேவை. ஒருவர் பெயரில் தமிழ்நாட்டில் ஒன்பது சிம் வரை இருக்கலாம், ஆகவே இன்னொன்று எடுப்பதில் தடை ஏதும் இல்லை. உங்கள் பெயரில் இப்போது எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். போய்ப் பாருங்கள். நீங்கள் வாங்காத எண் ஒன்று உங்கள் பெயரில் இருந்தால் அங்கேயே புகாரும் கொடுக்கலாம்.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். பொட்டலமிட்டு விற்கும் பொருளின் மேல், புகார் இருந்தால் அழைக்க வேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளில் உள்ளது. ஆக, உணவுப் பொருள் செய்கிறவர்களுக்கு எண் என்பது வெறும் வசதி அல்ல, லேபிளின் ஒரு பகுதி. எண் மாறினால் லேபிள் மாற வேண்டும், அச்சுக் கூலி மறுபடியும். என் வீட்டுப் பரணில் பழைய ஸ்டிக்கர்கள் இன்னும் ஒரு கட்டு கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார்கள்.

பலரிடம் சொல்லப்போகும் எண் என்பதால், சொல்லும்போது நாக்கு தடுக்காத எண்ணாகக் கிடைத்தால் நல்லது. கடையில் நாலைந்து எண் காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழும் ஆறும் மாறி மாறி வந்தால் கேட்பவர் குழம்புவார். ‘ஃபேன்சி நம்பர்’ என்று தனியாகக் காசு கொடுத்து வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தக் காசுக்கு நாலு கிலோ நல்ல மிளகாய் வாங்கலாம்.

எந்த நிறுவனம்?

விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் சமையலறை வரை வருகிறது என்பதுதான் கேள்வி. அக்கம்பக்கத்தார், உறவினர் யாராவது வேறு வேறு நிறுவன சிம் வைத்திருப்பார்கள். ஒரு மாலை காபிக்குக் கூப்பிட்டு, நீங்கள் வேலை செய்யும் அறையில் உட்கார்ந்து பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கான்கிரீட் வீடுகளில் உள்ளறைகளில் சிக்னல் விழாது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங் வசதி இந்தக் குறையைத் தீர்க்கும். போனின் அமைப்புகளில் அதை இயக்கி வைத்தால், அழைப்பு டவரை நம்பாமல் வீட்டு வைஃபை வழியாக வரும். வாங்கும் போனில் அந்த வசதி இருக்கிறதா, அந்த நிறுவனத்தோடு அது வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு சிக்னல் கெட்டுப்போனாலும் எண்ணோடு வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் அந்த உரிமை இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘PORT’ என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணையும் எழுதி 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். நான்கு நாளுக்குள் அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. மாநிலத்துக்குள் என்றால் பெரும்பாலும் மூன்று வேலை நாளில் முடிந்துவிடும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் இதைத் தொடாதீர்கள்.

கருவி

ஒரே போனில் இரண்டு சிம் போட்டுக்கொள்வதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தொடக்கத்துக்கு அது போதும். சொந்த எண்ணுக்கு ஒரு மணியோசை, தொழில் எண்ணுக்கு வேறு மணியோசை வைத்துவிடுங்கள். இதன் குறை, நீங்கள் கடைத்தெருவுக்குப் போனால் கடையும் உங்களோடு கிளம்பிவிடும். அந்தச் சந்தடியில் நின்றுகொண்டு ஆர்டர் எழுத முடியாது. ‘இருநூறு’ என்பது ‘முந்நூறு’ என்று காதில் விழும். எனக்கு விழுந்திருக்கிறது. நூறு கிராம் சுண்டைக்காய் வற்றல் கூடுதலாகப் போனது, கேட்டு வாங்க மனம் வரவில்லை.

நாளுக்கு ஏழெட்டு அழைப்புக்கு மேல் வருகிறது என்றால், விலை குறைந்த ஸ்மார்ட்போன் ஒன்றைத் தொழிலுக்கென்றே வாங்கி, அதை வீட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பெரிய கேமரா வேண்டாம், நாள் முழுவதும் தாங்கும் பேட்டரியும் உரக்க ஒலிக்கும் ஸ்பீக்கரும் வேண்டும். வைக்கும் இடத்தை முடிவு செய்து, சார்ஜரை அங்கேயே நிரந்தரமாகச் சொருகி, நோட்டையும் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனாவைக் கட்டாவிட்டால் அது பள்ளிக்கூடப் பைக்குள் போய்விடும்.

வாட்ஸ்அப் பிசினஸ்: காசில்லாமல் கிடைக்கும் பாதிக் கடை

வீட்டுத் தொழிலுக்கு இன்று உண்மையில் தேவைப்படும் ‘போன் சிஸ்டம்’ எது என்று யாராவது என்னிடம் கேட்டால், யோசிக்காமல் இந்தச் செயலியைத்தான் சொல்வேன். 2018 தொடக்கத்தில் வந்தது, இலவசம். சாதாரண வாட்ஸ்அப்புக்கும் இதற்கும் நிறத்தில் அதிக வித்தியாசம் தெரியாததால் பலர் கவனிப்பதே இல்லை. ஓர் எண்ணில் இரண்டில் ஒன்றுதான் இயங்கும். தொழில் எண் தனியாக இருந்தால் உங்கள் சொந்த வாட்ஸ்அப்புக்கு ஒன்றும் ஆகாது.

நிறுவியதும் முதலில் பெயர். இங்கே உங்கள் பெயரோடு பொருளின் பெயரும் வரட்டும். பிறகு முகவரி, வேலை நேரம், என்ன விற்கிறீர்கள் என்று இரண்டு வரி. அடுத்து கேட்டலாக். பொருளின் படம், விலை, எடை ஆகியவற்றை ஏற்றிவைக்கும் பட்டியல் அது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், வீணாகாது. ‘என்னென்ன இருக்கிறது, விலை என்ன’ என்ற கேள்விக்கு ஒரு நாளில் எத்தனை முறை பதில் சொல்கிறீர்கள் என்று உங்கள் நோட்டைப் பார்த்தால் தெரியும். படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் வைத்து எடுங்கள். குழல் விளக்கில் எடுத்தால் கறிவேப்பிலைப் பொடி சிமெண்ட் மாதிரி தெரியும்.

விரைவுப் பதில்கள் என்று ஒரு வசதி. வங்கிக் கணக்கு விவரம், கூரியர் கட்டணம், ‘இந்த வாரம் வெயில் இல்லை, வற்றல் அடுத்த வாரம்’ போன்றவற்றை ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோடு போட்டு ஒரு சொல்லை அடித்தால் முழுச் செய்தியும் வந்து விழும். லேபிள்கள் இன்னும் பயனுள்ளவை. புதிய ஆர்டர், பணம் வர வேண்டும், பணம் வந்தது, அனுப்பியாயிற்று என்று ஒவ்வோர் உரையாடலுக்கும் வண்ணச் சீட்டு ஒட்டலாம். இரவு படுக்கப் போகுமுன் ‘பணம் வந்தது’ சீட்டு மட்டும் திறந்து பார்த்தால் மறுநாள் கட்ட வேண்டிய பார்சல்கள் வரிசையாக நிற்கும். இதைப் பழகிய பிறகுதான் பணம் கொடுத்தவரை மறந்து, கொடுக்காதவருக்கு அனுப்பும் வழக்கம் என்னை விட்டுப் போனது.

வேலை நேரம் முடிந்தபின் தானாகப் போகும் செய்தி ஒன்றையும் அமைத்துவிடுங்கள். அதில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். ‘வணக்கம். காலை 9 மணிக்குப் பதில் தருகிறோம். ஆர்டர் என்றால் பெயர், முகவரி, பின்கோடு, வேண்டிய அளவு அனுப்பி வையுங்கள்’ என்றால் போதும். காலையில் போனைத் திறக்கும்போது ஆர்டர் முழுமையாக எழுதப்பட்டுக் காத்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். சிம் ஒரு போனில், அதே எண்ணின் வாட்ஸ்அப் இன்னொரு போனில் என்று வைத்துக்கொள்ளும் குறுக்கு வழியை நம்பித் தொழிலை அமைக்காதீர்கள். செயலி எந்த எண்ணில் இயங்குகிறதோ அந்த சிம் அதே போனில் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இரண்டாவது, வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கட்டாயம் அமைத்து, அதை நோட்டில் எழுதாமல் வேறிடத்தில் குறித்து வையுங்கள். கணக்கு களவு போனால் உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடமே கடன் கேட்பார்கள்.

லேண்ட்லைன் இன்னும் வேண்டுமா?

வீட்டில் ஃபைபர் பிராட்பேண்ட் போட்டால் பேச்சு இணைப்பும் சேர்ந்தே கிடைப்பதுண்டு. ஃபைபர் பெட்டியின் பின்புறம் போன் சொருக ஓர் ஓட்டை இருக்கும். ஒரு சாதாரணத் தொலைபேசிக் கருவியை வாங்கிச் சொருகினால் 0452 என்று தொடங்கும் எண் தயார். கூடுதல் செலவு கருவிக்கு மட்டும்தான் என்றால் வாங்கி வையுங்கள். வயதான வாடிக்கையாளர்களும் மொத்தமாக வாங்கும் கடைக்காரர்களும் ஊர்க் குறியீட்டோடு ஓர் எண்ணைப் பார்த்தால் ‘இவர்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள்’ என்று நம்புவார்கள். அந்த நம்பிக்கைக்கு மதிப்பு உண்டு.

ஆனால் அதையே முதல் எண்ணாக லேபிளில் அச்சடிக்காதீர்கள். மொபைல் எண்ணை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போக முடிவது போல லேண்ட்லைன் எண்ணோடு போக முடியாது. வீடு மாறினால் எண்ணும் கூடவே வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதைவிட முக்கியம் மின்சாரம். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் பேசும். ஃபைபர் போன் அப்படியல்ல. வீட்டில் மின்சாரம் போனால் பெட்டி அணையும், போனும் செத்துவிடும். இன்வர்ட்டர் இல்லாத வீடு என்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும்.

லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்கும்போது எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை. பல வீடுகளில் இது தெரியாமல் ‘லைன் கெட்டுவிட்டது’ என்று கருவியை மூலையில் வைத்திருக்கிறார்கள்.

எடுக்க முடியாத அழைப்பு

கையெல்லாம் மிளகாய்ப் பொடி. போன் அடிக்கிறது. இதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். போனின் அழைப்பு அமைப்புகளில் ‘பதில் இல்லையென்றால் திருப்பு’ என்ற தேர்வு இருக்கும். சில விநாடி மணி அடித்தும் எடுக்காவிட்டால், நீங்கள் கொடுத்த இன்னோர் எண்ணுக்கு அழைப்பு போய்விடும். அந்த இன்னோர் எண்ணுக்கு ஒரு பட்டன் போன் போதும். டேட்டாவே இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. ஆண்டு முழுவதற்குமான திட்டமும் அதில் உண்டு. கடைக்காரர் அதை முதலில் காட்ட மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

அழைப்பைத் திருப்புவதை அமைப்புகள் வழியாக மட்டும் செய்யுங்கள். யாரோ அழைத்து, நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, நட்சத்திரம் 401 என்று தொடங்கும் குறியீட்டை அழுத்தச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பி ஓடிபியைக் கேட்கும் தந்திரம் அது. இதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அந்தக் குறியீட்டு வழியையே நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை.

தவறிய அழைப்புகளுக்குத் திரும்ப அழைப்பதற்கு நாளில் இரண்டு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பன்னிரண்டரைக்கும் ஆறுக்கும் அழைக்கிறேன். ‘மன்னிக்கவும்’ என்று தொடங்காமல், கடையின் பெயரைச் சொல்லித் தொடங்கினால் எதிர்முனையில் இருப்பவர் விளம்பர அழைப்பு என்று நினைத்து வைத்துவிட மாட்டார்.

‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’

இணையத்தில் ‘வணிக போன் சிஸ்டம்’ என்று தேடினால் கிளவுட் டெலிபோனி நிறுவனங்கள்தான் வரிசையில் நிற்கும். எக்ஸோடெல், மைஆபரேட்டர், நாலாரிட்டி போன்றவை இந்தியாவில் இந்தச் சேவை தருபவை. ஒரு பொது எண் கொடுப்பார்கள். அதற்கு வரும் அழைப்பு நீங்கள் சொல்லும் வரிசையில் பல பேருடைய மொபைல்களுக்குப் போகும். வரவேற்புக் குரல், பதிவு, யார் எடுத்தார் யார் விட்டார் என்ற கணக்கு எல்லாம் கிடைக்கும். நல்ல சேவைதான். ஆனால் ஒருவர் இருவராக நடத்தும் தொழிலுக்கு இது எதிர்வீட்டுக்குப் போக ஆட்டோ பிடிப்பது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இயந்திரக் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வேறு வேறு வீடுகளில் இருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்துகிறீர்கள், ஒரு மகளிர் குழுவாக இருக்கலாம், அழைப்புகள் ஒரே நேரத்தில் மோதுகின்றன என்றால் அப்போது யோசியுங்கள். சேரும்முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: மாதக் கட்டணம் எத்தனை பேருக்கு, நிமிடக் கட்டணம் தனியா, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த தொகையா, குறைந்தபட்சம் எத்தனை மாதம். எல்லாவற்றுக்கும் மேலாக, விலகினால் அந்த எண் யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

1800 எண்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் அழைப்பவருக்கு இலவசம், செலவு உங்கள் தலையில். 1860 என்றால் அழைப்பவரும் கட்டணம் கொடுப்பார். இன்று பெரும்பாலான மொபைல் திட்டங்களில் பேச்சு வரம்பில்லாமல் இருக்கும்போது, வீட்டுத் தொழிலுக்கு இரண்டும் வேண்டாம்.

மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஆசை

தீபாவளி நெருங்கும்போது இந்த ஆசை எல்லோருக்கும் வரும். யாரோ ஒருவர் ‘பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன, மலிவாகத் தருகிறேன்’ என்பார். வாங்காதீர்கள். வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, 2018ஆம் ஆண்டு டிராய் விதிகளின்படி நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் ஆகியவற்றை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் சாதாரண சிம்மிலிருந்து விளம்பர அழைப்பும் செய்தியும் அனுப்பி, பெற்றவர்கள் 1909இல் புகார் கொடுத்தால் இணைப்பே துண்டிக்கப்படலாம். மூன்று வருடம் காப்பாற்றிய எண் மூன்று நாள் ஆசையில் போய்விடும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே ஒவ்வொரு பார்சலிலும் ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்.

தொலைந்தால்

போனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும், அந்த 15 இலக்க எண்ணை இன்றே எழுதி, வாங்கிய ரசீதோடு வைத்துவிடுங்கள். போன் களவு போனால் காவல்துறையில் புகார் கொடுத்து, அதே சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு கருவியை முடக்கலாம். மாற்று சிம் அன்றே கிடைத்தாலும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்பதை நினைவில் வையுங்கள். வங்கி ஓடிபி இந்த சிம்மின் எண்ணுக்கு வரும்படி வைத்திருந்தால் அந்த ஒரு நாள் மிளகாய்க் கடைக்காரருக்குப் பணம் அனுப்பக்கூட முடியாது. வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு வாராந்திரக் காப்புப் பதிவு போட்டுவிடுங்கள், முகவரிகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன.

ரீசார்ஜ் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் குறியுங்கள். போன் நினைவூட்டும் என்று விட்டால், அது நினைவூட்டும் நேரத்தில் நீங்கள் வடகம் பிழிந்துகொண்டிருப்பீர்கள்.

சோதனை நாள்

எல்லாம் அமைத்தபின் வேற்றூரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லி, இரண்டு நாளில் நான்கு முறை புதிய எண்ணைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். ஒருமுறை நீங்கள் வேறு அழைப்பில் இருக்கும்போது, ஒருமுறை எடுக்காமல் விட்டு, ஒருமுறை போனை அணைத்துவைத்து, ஒருமுறை இரவில் வாட்ஸ்அப் செய்தியாக. அவர் காதில் என்ன கேட்டது, கண்ணில் என்ன பட்டது என்று விசாரியுங்கள்.

எங்கள் வீட்டுச் சோதனைக்கு அழைத்தவர் காரைக்குடியில் இருக்கும் என் சித்தி. நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. அழைப்பு பட்டன் போனுக்குத் திரும்பி, கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் எடுத்தார். முன்பெல்லாம் ‘யாரோ ஒரு அம்மா பொடி கேட்டாள்’ என்பதோடு முடித்துவிடுபவர் அவர். இப்போது நூலில் கட்டிய பேனா கையில் இருக்கிறது, நோட்டில் கோடு போட்டிருக்கிறது. சித்தி தான் யார் என்று சொல்லியும் விடவில்லை. பெயர், அளவு எல்லாம் எழுதி, திரும்பப் படித்துக்காட்டி, ‘அதெல்லாம் சரி சம்பந்தி, பின்கோடு சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்.